கீரி வகுப்பு: ஒரு விண்வெளிக் காவல் கப்பலின் கணக்கு வழக்கு

இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனவற்றுள் முக்கியமானவை பிரிட்டனின் ‘ஃபிளவர்’ வகுப்புக் கார்வெட்டுகள் என்ற சிறு போர்க்கப்பல்கள். திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்திலிருந்து பிறந்தவை. நீளம் 62 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவு, முன்னால் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி, வேகம் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்). அவை விரட்ட வேண்டிய ஜெர்மன் நீர்மூழ்கியோ நீர்மட்டத்தில் ஓடினால் 17 நாட்டைத் தாண்டும். துரத்துகிறவனைவிட ஓடுகிறவனுக்கு வேகம் அதிகம். ஆனாலும் அந்தக் கப்பல்கள் வேலைக்கு ஆயின. காவல் கப்பலின் வேலை துரத்துவது அல்ல; சரக்குக்கும் எதிரிக்கும் நடுவில் நிற்பது.

விண்வெளிக் கடற்படைக் கதைகளில் வரும் சிறு காவல் கப்பல்கள் இதை மறந்துவிடுகின்றன. பாய்கின்றன, வளைகின்றன, சுட்டுவிட்டுத் திரும்புகின்றன. உண்மையான இயற்பியலுக்குள் அப்படி ஒரு கப்பலைக் கட்டினால் எப்படி இருக்கும்? ஒன்றைக் காகிதத்தில் கட்டிப் பார்க்கலாம். ஏவுகணைகளோடு மல்லுக்கு நிற்கப்போவதால் ‘கீரி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எரிபொருள் இல்லாமல் 400 டன். எரிபொருளாகத் திரவ ஹைட்ரஜன் இன்னொரு 400 டன். எஞ்சின், அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பின்னால் பீய்ச்சும் வகை. இது கற்பனைச் சரக்கல்ல. அமெரிக்காவின் நெர்வா திட்டத்தில் 1960களில் நெவாடா பாலைவனத்தில் இப்படிப்பட்ட எஞ்சின்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வாயு வெளியேறும் வேகத்தை விநாடிக்கு 8.5 கி.மீ. என்று வைத்தால், கீரியால் மொத்தம் 5.9 கி.மீ./விநாடி அளவுக்குத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும். டெல்டா-வி என்று சொல்வது இதைத்தான். கப்பலின் கைச்செலவுப் பணம் அவ்வளவே.

‘சிறு கப்பல்’ என்ற சொல் இங்கேயே அடிபட்டுப் போகிறது. திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான் இருக்கும். 400 டன்னை ஒரே உருண்டைத் தொட்டியில் அடைத்தால் குறுக்களவு 22 மீட்டர், ஏழு மாடி உயரம். ஆட்கள் இருக்கும் பகுதி அதன் மூக்கில் ஒட்டிய சிறு டப்பா.

சரி, எதிரி தெரிகிறான், விநாடிக்கு 1 கி.மீ. வேகத்தில் அவன் பக்கம் பாய்வோம் என்கிறார் கேப்டன். கிளம்ப 1 கி.மீ., அங்கே போய் நிற்க 1, திரும்பக் கிளம்ப 1, காவலுக்குரிய சரக்குக் கப்பல் அணியோடு சேர்ந்து நிற்க 1. ஆக 4. விண்வெளியில் பிரேக்கும் எரிபொருளால்தான். ராக்கெட் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 400 டன்னில் 300 டன் இந்த ஒரே பாய்ச்சலில் தீர்ந்துவிடுகிறது. நேரமும் பார்க்க வேண்டும்: எஞ்சின் 1,000 மெகாவாட் என்றால் உந்துவிசை 235 கிலோநியூட்டன். நிறைதொட்டியோடு முதல் 1 கி.மீ. வேகத்தை எட்டவே 54 நிமிடம் ஆகும். இது பாய்ச்சலா, சரக்கு ரயில் கிளம்புவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு தொல்லை, அணு உலையை அணைத்தாலும் அது உடனே அடங்காது. அணுப்பிளவில் உண்டான துண்டுகளின் கதிரியக்கச் சிதைவால் முழு ஆற்றலில் சில சதவீதம் வெப்பமாக வந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க, ஒவ்வொரு முறை நிறுத்திய பின்னும் கொஞ்சம் ஹைட்ரஜனைச் சும்மா ஓட்டிக் கொட்ட வேண்டும். அடிக்கடி எரித்து அணைக்கும் கேப்டன் தொட்டியைக் காலி செய்வார்.

ஆகவே கீரி துரத்தாது. நிற்கும். எங்கே நிற்பது?

பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதையில் நினைத்த இடத்தில் நின்றுவிட முடியாது. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சரக்குக் கப்பலுக்கு 10 கி.மீ. மேலே கீரியை விட்டால், மேல்பாதை மெதுவானது என்பதால், ஒரு சுற்று முடிவதற்குள் 94 கி.மீ. பின்தங்கிவிடும். பக்கவாட்டில் விட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சரக்குக் கப்பலின் பாதையைக் குறுக்கே வெட்டும். செலவில்லாமல் நிற்கக்கூடிய இடம் அதே பாதையில் முன்னாலோ பின்னாலோ மட்டும்தான். செவ்வாய்க்குப் போகும் நீண்ட பயணத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எல்லாக் கப்பல்களும் சேர்ந்து மிதப்பதால், கீரியை வேண்டிய திசையில் ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி நிறுத்தலாம்.

ஏன் அவ்வளவு தூரம்? கடலில் ஏவுகணையைச் சுட்டு உடைத்தால் துண்டுகள் தண்ணீரில் விழும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும். விண்வெளியில் உடைந்த ஏவுகணை அதே வேகத்தில் அதே திசையில் வந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு 5 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிலோ இரும்புத் துண்டின் இயக்க ஆற்றல் 12.5 மெகாஜூல், ஏறக்குறைய 3 கிலோ டிஎன்டி வெடிப்பதற்குச் சமம். அதில் வெடிமருந்து இருந்ததா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

ஏவுகணையின் கண்ணையும் எஞ்சினையும் கெடுத்துவிட்டால் அது குருட்டுக் கல். பிறகு சரக்குக் கப்பல் விலகிக்கொண்டால் போதும். 500 மீட்டர் விலக வேண்டும் என்று வைப்போம். அணியிலிருந்து 100 கி.மீ. தூரத்தில் ஏவுகணை குருடானால் விலக 20 விநாடிதான் இருக்கும். 5,000 டன் சரக்குக் கப்பலுக்கு அதற்கு 12,500 கிலோநியூட்டன் உந்துவிசை வேண்டும். தரையிலிருந்து எழும் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்குக்கூட அவ்வளவு கிடையாது. 2,000 கி.மீ. தள்ளிக் குருடானால் 400 விநாடி கிடைக்கிறது. வெறும் 31 கிலோநியூட்டன் போதும், சிறிய எஞ்சின் வேலை. காவல் கப்பல் சரக்குக்காரனுக்கு வாங்கித் தருவது இந்த 380 விநாடியைத்தான்.

குருடாக்கும் கருவி லேசர். 1 மெகாவாட், ஒளியைக் குவிக்க ஒரு மீட்டர் ஆடி, 1 மைக்ரான் அலைநீளம். ஒளி எவ்வளவு நேராகப் போனாலும் விரியத்தான் செய்யும்: 1,000 கி.மீ. தூரத்தில் ஒளிப்புள்ளியின் குறுக்களவு 2.4 மீட்டர். ஏவுகணையின் தோல் சூடாகும், அவ்வளவுதான். 100 கி.மீ. தூரத்தில் அதே புள்ளி 24 செ.மீ.; 2 மி.மீ. அலுமினியத் தோல், விழும் ஒளியில் கால்வாசியையே உறிஞ்சினாலும், ஓரிரு விநாடியில் உருகும். ஏவுகணை கீரியின் பக்கமாகக் கடந்தால் வரும்போது 20 விநாடி, போகும்போது 20 விநாடி வீச்சுக்குள் இருக்கும். ஒன்றைச் சுட 2 விநாடி, அடுத்ததற்கு ஆடியைத் திருப்பிக் குறிவைக்க 2 விநாடி என்றால் பத்து ஏவுகணை கணக்கு. வீச்சைத் தவிர்த்து 100 கி.மீ. சுற்றி வரும் ஏவுகணை, மீண்டும் அணியை நோக்கித் திரும்ப விநாடிக்கு 250 மீட்டர் பக்கவாட்டு வேகம் செலவழிக்க வேண்டும். செய்ய முடியாததல்ல. அதனால் ஒரு திசைக்கு ஒரு கீரி போதாது.

பீரங்கி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: விண்வெளியில் பீரங்கி சுட்டுப் பார்த்தாகிவிட்டது. சோவியத்தின் சல்யூட் 3 விண்வெளி நிலையத்தில் 23 மி.மீ. பீரங்கி இருந்தது, 1975 ஜனவரியில், ஆட்கள் யாரும் உள்ளே இல்லாதபோது, தரையிலிருந்து இயக்கிச் சுட்டார்கள். பீரங்கி நிலையத்தோடு பொருத்தப்பட்டிருந்ததால் குறிவைக்க நிலையத்தையே திருப்ப வேண்டும். 200 கிராம் குண்டு விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 18 டன் நிலையம் பின்னுக்கு விநாடிக்கு 8 மி.மீ. நகரும். ஒரு குண்டுக்கு அது ஒன்றுமில்லை. தொடர்ந்து சுடும்போது சேர்ந்துவிடும்.

இனிமேல்தான் கீரியின் உண்மையான எதிரி: வெப்பம். 1 மெகாவாட் ஒளி தரும் லேசர் 25 சதவீதத் திறனில் ஓடினால் 4 மெகாவாட் மின்சாரம் கேட்கும். மீதி 3 மெகாவாட் லேசருக்குள்ளேயே சூடாகும். அந்த மின்சாரத்தைத் தரும் உலையும் 25 சதவீதம் என்றால் அங்கே 12 மெகாவாட் கழிவு வெப்பம். காற்றில்லாத இடத்தில் இதைக் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும்.

வேடிக்கை இங்கேதான். உலையின் ரேடியேட்டர் 1,000 கெல்வினில் செக்கச்செவேலென்று ஒளிரலாம். 12 மெகாவாட்டுக்கு 118 சதுர மீட்டர் போதும், மூன்று சென்ட் மனை. லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடுகளோ அறை வெப்பத்திலேயே இருக்க வேண்டும். 300 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் தகடு இரண்டு பக்கமும் சேர்த்து 826 வாட்தான் உமிழும். கால்வாசி வெப்பமான அந்த 3 மெகாவாட்டுக்கு 3,600 சதுர மீட்டர், ஏறக்குறைய 90 சென்ட் நிலம் வேண்டும்! கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுவதன் விளைவு இது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அம்மோனியாக் குளிரூட்டி மொத்தமாக வெளியேற்றுவதே 70 கிலோவாட்.

தொண்ணூறு சென்ட் தகட்டை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்க முடியாது. எனவே கீரி தண்ணீர் கொதிக்க வைக்கும். குறைந்த அழுத்தத்தில் 30 டிகிரியிலேயே ஆவியாகும் தண்ணீர், லேசரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். விநாடிக்கு 1.2 லிட்டர், நிமிடத்துக்கு ஐந்தாறு குடம். 10 டன் தண்ணீர் இருந்தால் இரண்டேகால் மணி நேரம் விடாமல் சுடலாம். பத்து ஏவுகணை கொண்ட ஓர் அலைக்கு 48 லிட்டர்தான். மின்சாரமும் அதற்கு 44 யூனிட்தான், ஒரு மின்சாரக் காரின் பேட்டரி அளவு. ஆனால் காரின் பேட்டரி அதை 40 விநாடியில் கொடுக்காது. முப்பது கார் பேட்டரியை அடுக்கினால் முதல் அலையைச் சமாளிக்கலாம். மலிவான போலி ஏவுகணைகளை வரிசையாக அனுப்பும் எதிரிக்கு முன் அதுவும் தீரும், உலைதான் கைகொடுக்கும்.

எங்கே கெடும்? முதலில் அந்த நீராவியே. வெளியே போனதும் பனித்துகளாக உறைந்து கப்பலோடு கூட மிதக்கும், வெயிலில் மினுங்கும். அப்பல்லோ பயணங்களில் வெளியேற்றிய நீர் இப்படித்தான் விண்மீன் பார்த்துத் திசை கணிப்பதைக் கெடுத்தது. கீரியின் நீராவிக் குழாய் வாய் ஆடிக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். சுடும்போது கப்பலைச் சுழற்றவும் கூடாது. இரண்டாவது, பம்ப். 100 கி.மீ.யில் 24 செ.மீ. என்றால் ஆடி, ரேடியன் என்ற கோண அளவில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குக்கு மேல் நடுங்கக்கூடாது. குளிரூட்டிப் பம்பின் தாங்கி கொஞ்சம் தேய்ந்தாலே புள்ளி ஆடும், உருக வேண்டிய இடம் வெதுவெதுப்பாகும்.

மூன்றாவது, ஓட்டை. 2022 டிசம்பரில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் ரேடியேட்டரில் 0.8 மி.மீ. துளை விழுந்தது. குளிரூட்டித் திரவம் சிதறிப் போயிற்று. அந்தக் கலத்தில் ஆட்களை அழைத்துவர முடியாதென்று முடிவெடுத்து, காலியாகவே இறக்கி, வேறு கலம் அனுப்பினார்கள். கீரியின் ரேடியேட்டரைத் தனித்தனி வால்வு கொண்ட முப்பது நாற்பது துண்டுகளாகப் பிரித்து, விளிம்பை எதிரிப் பக்கம் காட்டி நிறுத்துவது இதற்காகத்தான்.

கடைசியாக, துணை வரும் சரக்குக்காரன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எடையை மிச்சப்படுத்த, கீரியின் உலைக்கு முன்பக்கம் மட்டுமே கதிரியக்கத் தடுப்பு இருக்கும். அதன் நிழற்கூம்புக்குள் கீரியின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பின்புறமும் பக்கங்களும் திறந்த அடுப்பு. எரித்து அணைத்துச் சில மணி நேரம் ஆனாலும் காமா கதிர் வந்துகொண்டிருக்கும். இணைய வரும் கலம் மூக்குப் பக்கமாக, கூம்புக்குள்ளேயே நேர்கோட்டில் வர வேண்டும். சுற்றி வளைத்து வரக்கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.