அனல்மின் புகைபோக்கியில் எவ்வளவு தூசி வரலாம்?

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் எவ்வளவு தூசியை வெளியே விடலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7 அன்று அறிவிக்கை வெளியிட்டது. மின் உற்பத்தி அலகு எந்த ஆண்டு நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். 2003 முடியும் முன் வந்தது என்றால் ஒரு கனமீட்டர் புகையில் 100 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை 50. அதற்குப் பிறகு 30. வடசென்னை அனல்மின் நிலையத்தில் மூன்றும் உண்டு: தொண்ணூறுகளில் வந்த 210 மெகாவாட் அலகுகளுக்கு 100, அடுத்து வந்த 600 மெகாவாட் அலகுகளுக்கு 50, புதிய 800 மெகாவாட் அலகுக்கு 30. பக்கத்து ஊரான அத்திப்பட்டுக்காரர்கள் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான். பழைய அலகுக்கு இத்தனை சலுகை நியாயமே இல்லை.

இந்த வரம்பைக் காப்பாற்றுவது ஈ.எஸ்.பி. எனும் நிலைமின் வீழ்படிவாக்கி. கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே நிற்கும் பெரிய இரும்புக் கூடு அது. உள்ளே தொங்கும் கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் தரப்படும். கடந்துபோகும் சாம்பல் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்று, பக்கத்துத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல்கள் தகடுகளை அவ்வப்போது தட்ட, சாம்பல் அடியிலுள்ள ஹாப்பர் எனும் புனல் வடிவத் தொட்டியில் கொட்டும். நன்றாக ஓடினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும்.

நம் நிலக்கரியில்தான் சிக்கல். பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல், கந்தகமோ குறைவு. கந்தகம் குறைந்தால் சாம்பலின் மின்தடை கூடும். தகட்டில் படிந்த அடுக்கு மின்னூட்டத்தை விடாது, பொறி பறக்கும், வோல்டேஜைக் குறைக்க வேண்டிவரும். அப்புறம் தூசி தப்பிக்கும். இதற்காகப் புகையில் அம்மோனியா கலப்பதும் உண்டு.

ஈ.எஸ்.பி.க்குள் ஃபீல்டு எனப்படும், தனித்தனியாக மின்சாரம் பெறும் பகுதிகள் பல வரிசையாக இருக்கும். ஒன்றிரண்டு நின்றுபோனாலும் மின் உற்பத்தி நிற்காது. புகை மட்டும் கூடும். எனவே ‘ஈ.எஸ்.பி. இருக்கிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை ஃபீல்டு ஓடியது என்று கேளுங்கள்.

புகைபோக்கியில் பொருத்திய கருவியின் அளவீடு இணையம் வழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொடர்ந்து போக வேண்டும். அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பெறலாம். வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அலகு எண்ணையும் தேதிகளையும் குறிப்பிடுங்கள், பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். கந்தக டை ஆக்சைடை ஈ.எஸ்.பி. பிடிக்காது, அதன் அளவைத் தனியாகக் கேட்க வேண்டும்.