பழைய பதிவேட்டில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

கெய்ரோவின் ரோடா தீவில் உள்ள, நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்கும் நைலோமீட்டர் 861-இல் கட்டப்பட்டது. அதன் நடுவே முழக்கோடுகள் செதுக்கிய எண்கோணத் தூண் நிற்கிறது. நைல் நதியின் ஆண்டு உச்சத்தையும் தாழ்வையும் சொல்லும் ரோடா வரிசை 622-இலேயே தொடங்கிவிடுகிறது. நீரியல் அறிஞர் ஹரால்ட் ஹர்ஸ்ட் 1951-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்களும் உண்டு. வெள்ள ஆண்டுகளும் வறட்சி ஆண்டுகளும் கொத்துக் கொத்தாக வருவதை அவர் காட்டினார். முப்பது ஆண்டுப் பதிவில் அது பிடிபடாது. பூச்சி அரித்த ஆற்று நீர்மட்டப் பதிவேடுகளை மீட்பது அதனால்தான்.

முதல் வேலை, பக்கங்களை வரிசை குலையாமல் படமெடுப்பது. அட்டையையும் ஓரக்குறிப்புகளையும் விடக்கூடாது. நீர்மட்டம் அளக்கும் கோலைப் பற்றி 'கோல் மாற்றப்பட்டது' என்ற ஒரு வரி, நூறு பக்க எண்களைவிட மதிப்புள்ளது. பிறகு ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து ஒப்பிட வேண்டும். 1-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் வரும் குழப்பம் பெரும்பாலும் இதிலேயே சிக்கிவிடும்.

சிக்காத பிழை அலகில் ஒளிந்திருக்கும். அடி, அங்குலப் பதிவேட்டில் 10.9, 10.10, 10.11, 11.0 என்று இருந்தால் ஆறு தினமும் ஒரு அங்குலம் ஏறுகிறது என்று பொருள். புள்ளியைத் தசமமாக எடுத்தால், 10.9-இலிருந்து 10.10-க்கு ஒரே நாளில் 0.8 அடி, அதாவது 24 சென்டிமீட்டர், இறங்கியதாகத் தெரியும். ஏறும் வெள்ளம் வடிவதாக மாறிவிடும்! ஒரு பத்தியில் புள்ளிக்குப் பின் 10-உம் 11-உம் வந்து, 11-ஐத் தாண்டி எந்த எண்ணுமே வரவில்லையென்றால் அவை அங்குலங்கள்தான். ஆண்டுக் கணக்கிலும் இதே கவனம் தேவை. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். மாற்றாமல் விட்டால் வெள்ளங்கள் தவறான ஆண்டில் போய் உட்காரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கோலின் பூஜ்ஜியம், அதாவது அளவு தொடங்கும் இடம். வெள்ளம் கோலை அடித்துச் செல்லும். புதிய கோல் சற்று மேலேயோ கீழேயோ நடப்படும். அன்று முதல் எல்லா அளவும் ஒரே அளவுக்குத் தள்ளிப்போகும். பாலத் தூணிலோ படித்துறையிலோ வெட்டிய நிலைக்குறி (உயரத்தைக் குறிக்கும் நிலையான அடையாளம்) தப்பியிருந்தால், கோலின் பூஜ்ஜியம் அதற்கு எவ்வளவு கீழே என்ற பழைய குறிப்பைத் தேடிப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் ஆற்றில் மேலும் கீழும் உள்ள அளவு நிலையங்களோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஒரு நாளில் படிபோலத் தாவி அப்படியே நின்றால் மாறியது கோல். பல ஆண்டுகளில் மெல்ல நகர்ந்தால் படுகையில் வண்டல் ஏறியிருக்கலாம், அல்லது மணல் அள்ளியிருக்கலாம். மழை குறைந்ததாக அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. வெள்ளக் காலத்தில் தொடர்ந்து ஐந்து நாளும் ஒரே எண் இருந்தால், கோலைப் பார்த்து எழுதும் காவலர் கரைக்கே போயிருக்க மாட்டார். அவற்றைச் சந்தேகக் குறியோடு வைக்க வேண்டும்.

திருத்திய எண்ணைப் பக்கத்துப் பத்தியில் எழுதி, காரணத்தையும் தேதியையும் சேர்க்க வேண்டும். மூல எண்ணில் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் நாளை இன்னொரு பதிவேடு கிடைத்து நம் திருத்தமே தவறாகலாம்.