பூக்கார அம்மாவின் பெயர் எங்கே போனது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து 68 வயது வாசகி ஒருவர் எழுதியிருந்தார். தேக்காவில் பல வருடமாகப் பூ வாங்கும் கடையில், பூக்கார அம்மாவின் பெயர் வாயில் வரவில்லையாம். அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் பேரனின் பிறந்தநாளும் மறந்துபோனது. “முதுமைமறதி நோய் தொடங்கிவிட்டதா?”

பெயர் மறப்பதில் வியப்பில்லை. அந்த அம்மாவின் முகம், கடை, மகள் பாலிடெக்னிக்கில் படித்த கதை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. ஒரு முனையை இழுத்தால் மற்றதும் வரும். பெயர் மட்டும் ஒற்றை நூலில் தொங்குகிறது. வயதானால் அந்த நூல் நைகிறது, அவ்வளவுதான்.

என்னை இழுத்தது அந்தத் தூங்காத இரவு.

1998இல் டி குவெர்வெய்ன், ரூசெண்டால், மெக்காஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார்கள். நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. அது இருக்கும் இடத்தை எலிகள் கற்றுக்கொண்டன. பிறகு காலில் சிறு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி கொடுத்து 2 நிமிடத்தில் நீரில் விட்டால் எலிக்கு இடம் தெரிந்தது. 4 மணி நேரம் கழித்து விட்டாலும் தெரிந்தது. 30 நிமிடம் கழித்து விட்டால் மட்டும் தடுமாறியது! மனவழுத்த ஹார்மோன் இரத்தத்தில் ஏறி நிற்கும் நேரம் அது. ஹார்மோன் சுரப்பதை மருந்தால் தடுத்தார்கள். அதிர்ச்சி பட்ட எலியும் நேராக மேடைக்கு நீந்தியது. நினைவு எங்கும் போகவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை.

நம் உடம்பில் அந்த வேலையைச் செய்வது கார்ட்டிசால். நினைவைத் தேடியெடுக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அதை ஏற்கும் வாங்கிகள் ஏராளம். மறந்தோம் என்ற பயமே கார்ட்டிசாலை ஏற்றலாம். ஏறிய கார்ட்டிசால் அடுத்ததையும் மறைக்கலாம். நலமாக உள்ள முதியவர்களிடம் “எனக்கு ஞாபகமே இல்லை” என்ற புலம்பல், பல ஆய்வுகளில், நினைவுச் சோதனை மதிப்பெண்ணைவிட மனச்சோர்வோடும் பதற்றத்தோடும்தான் நெருங்கி நிற்கிறது.

இதற்கு வல்லாரை மாத்திரை வாங்கச் சொல்லும் உறவினர் எல்லார் வீட்டிலும் உண்டு. மாத்திரைக்குச் செலவழிக்கும் வெள்ளியில் தோழியோடு தேக்காவில் தேநீர் குடிக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் பழகிய புளோக்குக்கே வழி தப்பினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நீடிக்கும் மனச்சோர்வுக்கும் அதே விதிதான்.

வாசகியின் கடிதத்தில் ஒரு பின்குறிப்பு: மூன்று நாள் கழித்து வெங்காயம் நறுக்கும்போது பெயர் தானாக வந்ததாம். மறுபடி போய்விடுமோ என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.