பயத்தை அளப்பது எப்படி?

குழந்தைகளின் பதற்றக் கோளாறைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்று 'ஸ்கேர்டு'. மொத்தம் 41 வாக்கியங்கள். பயம் வந்தால் மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறதா என்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். கூட்டுத்தொகை 25-ஐத் தொட்டால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். நோய் உறுதி என்று ஆகிவிடாது.

இதையே பெற்றோரிடமும் தனியாகக் கேட்பார்கள். சிக்கல் அங்கேதான். 1987இல் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் சகாக்களும் குழந்தைகளின் உணர்ச்சி, நடத்தைப் பிரச்சினைகள் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் இருந்த ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) சராசரியாக 0.22 மட்டுமே. முழுக்கப் பொருந்தினால் அது 1 ஆகியிருக்கும். பெற்றோருக்குத் தெரிவது அழுகை, வயிற்றுவலி, பள்ளிக்குப் போக அடம். மனசுக்குள் ஓடும் கவலை வெளியே தெரியாதே! பிள்ளைகளோ சில சமயம் நல்ல பெயர் வாங்குகிற மாதிரி பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு தொல்லை, இந்தத் தாள் கேட்பது கடந்த 3 மாதங்களைப் பற்றி. சின்னப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப தூரம். அதனால் சிகிச்சையின்போது, பயம் கூடக் கூட எண் ஏறுகிற 'பய வெப்பமானி' படத்தைக் காட்டி, "இப்போ எவ்வளவு?" என்று அந்த நொடியிலேயே கேட்பதுண்டு. வகுப்பில் எழுந்து படிக்கும் முன் 8 என்று கை காட்டிய பிள்ளை, சில நிமிடம் படித்த பிறகு 5-க்கு இறங்கலாம். எனக்கு இதுதான் இருப்பதிலேயே நேர்மையான அளவீடாகப் படுகிறது.

சரி, உடம்பையே கேட்டால்? விரல்களில் மின்முனைகளைப் பொருத்தினால், வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்பட்ட ஓரிரு நொடியில் தோலின் மின்கடத்தல் ஏறுவது தெரியும். ஆனால் உற்சாகத்திலும் அது ஏறும். பயமா குதூகலமா என்று அந்தக் கோடு சொல்லாது. எச்சிலில் அளக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இன்னும் மெதுவானது, பதற்றம் தொடங்கி 20–30 நிமிடம் கழித்துத்தான் உச்சிக்கு வரும். அதோடு காலையில் அது இயல்பாகவே கூடுதல்.

இதில் சுவாரசியமான விஷயம் ஒன்று. சமூகப் பதற்றம் (மற்றவர்கள் முன்னால் பேச, பழகப் பயம்) உள்ள பிள்ளைகள் "நெஞ்சு படபடக்குது" என்று சொல்லும்போது, இதயத்துடிப்பு மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்ததைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதற்காகப் பொய் என்று ஒதுக்கக் கூடாது. உடம்பின் சின்ன அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொள்வது பதற்றத்தின் ஒரு கூறு. சிகிச்சையில் கவனிக்க வேண்டியதும் அதுதான். அதேபோல், ஸ்கேர்டு தாளில் பிள்ளைக்கு 30, அம்மா கணக்கில் 12 என்றால் கூட்டி இரண்டால் வகுப்பதில் பயனில்லை. எந்தெந்தக் கேள்வியில் விலகுகிறார்கள் என்று பார்த்து, இருவரிடமும் தனித்தனியாகப் பேசிய பிறகே மருத்துவர் முடிவுக்கு வருவார்.