வெளிநாட்டுப் பணம்: வந்தால் மட்டும் போதாது, ஏற்றுமதிக் கணக்கில் ஏற வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் சிறு பட்டறை வைத்து பெல்ட், பர்ஸ் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் நேர்மையாகத் தொழில் செய்தும் மாட்டிக்கொள்வது, விற்ற பணத்தை வாங்கும் இந்த இடத்தில்தான்.

2023 பிப்ரவரியில் நம் யுபிஐயும் சிங்கப்பூரில் அதேபோல் பணம் அனுப்ப உதவும் பேநவ்வும் இணைந்தன. உடனே, "பார்ட்டியை யுபிஐயில் போடச் சொல்லுங்க" என்று யோசனை சொல்ல ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். கேட்காதீர்கள். அந்த வழி குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும் வந்தது. சரக்கு விற்ற பணத்துக்கு அல்ல. அங்கே வேலை பார்க்கும் மச்சான் கணக்கு வழியாக வாங்குவதும் அதே தப்புதான். பணம் குடும்பச் செலவு என்று பதிவாகும். சரக்கு அனுப்பும்போது சுங்கத்தில் தாக்கல் செய்த உங்கள் ஷிப்பிங் பில்லோ, ஏற்றுமதிக்குப் பணம் வந்ததா என்று பார்க்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் பணம் வராத பில்லாகவே நிற்கும். ஏற்றுமதிக்காகத் திரும்ப வாங்கிய வரியை, அதாவது டிராபேக்கை, சுங்கத்துறை பிறகு வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

ஏற்றுமதிக்கு ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் தளத்தில் நீங்களே எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்கு அழ வேண்டாம். எடுத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஐஇசி, ஜிஎஸ்டி, கரன்ட் அக்கவுண்ட், இன்வாய்ஸ் நான்கிலும் ஒரே பெயர் இருக்கட்டும். அப்பா பெயரில் ஐஇசி, மகன் பெயரில் கணக்கு என்று வைத்திருந்தால் இன்றே சரிசெய்யுங்கள்.

அடுத்தது வங்கி அலைச்சல். வந்த பணத்தைப் பில்லோடு சேர்க்கச் சொன்னால், "இங்கே ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பண வேலை) பார்ப்பதில்லை, வேலூர் போங்க" என்பார்கள். வேலூரில், "கணக்கு இருக்கும் கிளையில் கேளுங்க" என்பார்கள். வேலையை விட்டுவிட்டு இப்படிப் பஸ் ஏறத் தேவையில்லை. கணக்கு உள்ள கிளையில் கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதில் பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்பஸ் கோடு, இன்வாய்ஸ் எண், ஷிப்பிங் பில் எண் மூன்றையும் எழுதுங்கள். முன்பணத்துக்குக் கோடு வேறு, சரக்கு போனபின் வரும் பணத்துக்கு வேறு. கிளையே ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

இடையில் உள்ள வங்கிகள் கமிஷன் பிடிப்பதால் இன்வாய்ஸ் தொகையைவிடக் குறைவாக வரும். இந்தச் சில டாலருக்காகவே உங்கள் வங்கியில், பணம் வந்துவிட்டது என்று பதிந்து ஷிப்பிங் பில்லை மூடாமல் இழுத்தடிப்பார்கள். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது: 10 லட்சம் ரூபாய் வரையுள்ள பில்லை, பணம் வந்துவிட்டது என்று நீங்கள் தரும் உறுதிமொழியை வைத்தே மூடலாம், குறைந்த தொகையையும் ஏற்க வேண்டும். இதற்குமேல் காகிதம் கேட்டால் அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து மேஜையில் வையுங்கள்.

அப்படியும் அசையவில்லையா? வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448. சீல் போட்ட அந்த நகலையும் புகாரோடு இணைத்துவிடுங்கள்.