வயல் எல்லைக்கும் தேதி உண்டு

காவிரி டெல்டாவில் நில அளவைதான் என் தொழில். வேலி, மா, குழி என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த விவசாயிகள் இப்போது கைபேசியை நீட்டி, ஆறு தசம இலக்கத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை காட்டுகிறார்கள். "இதுதான் சார் என் வயல் மூலை, இங்கேயே கல்லைப் போட்டுடுங்க" என்கிறார்கள். எண் கையில் இருந்தால் இடம் உறுதி என்ற நம்பிக்கை. அது பாதிதான் சரி. ஓர் இடத்தின் எண்ணோடு அதை எப்போது எடுத்தது என்பதும் சேர்ந்தால்தான் அது முழு முகவரி. இது தெரியாததால் அண்ணன் தம்பி உறவே கெட்டுப்போவதை நேரில் பார்த்திருக்கிறேன். காலம் நான்காவது பரிமாணம் என்கிறார்களே, அது உண்மையா என்பதையும் இந்த வயல் கல்லை வைத்தே பார்த்துவிடலாம்.

கும்பகோணம் பக்கம் ஒரு பாகப்பிரிவினை. அப்பா இருந்த காலத்திலேயே செயற்கைக்கோள் கருவி வைத்து வயலை அளந்து, ஒவ்வொரு மூலைக் கல்லுக்கும் எண் எழுதி வைத்திருந்தார். 14 ஆண்டு கழித்துப் பிள்ளைகள் மறுபடி அளந்தார்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் முக்கால் மீட்டர் அளவுக்கு வித்தியாசம். "தம்பி வரப்பை வெட்டித் தள்ளிட்டான் சார்" என்று அண்ணன். "அப்பா வெச்ச கல்லுல நான் கை வைப்பேனா?" என்று தம்பி. பஞ்சாயத்து வரை போன பிறகுதான் இரண்டு தாள்களும் என் கைக்கு வந்தன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலைக்கு மூலை கழித்துப் பார்த்தேன். எல்லாக் கல்லும் வடகிழக்காக நகர்ந்திருந்தன, எல்லாமே ஒரே அளவு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள தூரமோ பழைய தாளில் இருந்தபடியே இருந்தது. வரப்பை வெட்டுகிறவர் ஒரு பக்கத்தைத்தான் வெட்டுவார். நான்கு மூலையையும் ஒரே திசையில், ஒரே அளவில் யாரும் நகர்த்த முடியாது. நகர்ந்தது இந்தியா. நம் நாட்டைச் சுமக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் கருவி பூமியின் மையத்திலிருந்து இடத்தைக் கணக்கிடுவதால் அந்த நகர்வு எண்ணில் அப்படியே ஏறிவிடும். சங்கிலி போட்டுப் பக்கத்துக் கல்லிலிருந்து அளந்த காலத்தில் இது தெரியாது, ஏனென்றால் பக்கத்துக் கல்லும் கூடவே வருகிறது. அண்ணனுக்கு இதை விளக்கி முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆனது. வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, கருவி எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் காலம் உள்ளே வருகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இந்த நேரத்தில் இங்கிருந்து அனுப்புகிறேன்" என்ற செய்தியை அவை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மேட்டூரில் தண்ணீர் எப்போது திறந்தார்கள், என்ன வேகத்தில் வருகிறது என்று தெரிந்தால், கடைமடையில் தண்ணீர் வந்து சேர்ந்த நாளை வைத்தே தொலைவைச் சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்குதான். அங்கே நாள் கணக்கு. இங்கே ஒரு வினாடியில் சுமார் நூற்றில் ஏழு பங்கு. ஒரு நானோ வினாடி, அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, தவறினால் தூரத்தில் 30 செ.மீ. தவறும்.

வரப்பில் ரோவரை (கோலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவியை) நட்டு, குமிழியைச் சமன் செய்துவிட்டு, இடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது என்று திரையில் "ஃபிக்ஸ்" விழுவதற்குக் காத்திருக்கும்போது கருவி உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று சிலர் கேட்பார்கள். அது நான்கு விடைகளைத் தேடுகிறது. இடத்துக்கு மூன்று, தன்னுடைய கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடுகிறது என்பதற்கு ஒன்று. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும். நேரம் தெரியாமல் இடம் தெரியாது.

ஜிபிஎஸ் போல இடம் சொல்லும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள் அமைப்பில் நடந்ததே இதற்குச் சாட்சி. 2013-இல் ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் மூன்று ருபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. அந்தச் செய்தி 2017 ஜனவரியில் வெளியானது. செயற்கைக்கோள் நன்றாகத்தான் இருந்தது, சிக்னலும் அனுப்பியது, ஆனால் இடம் சொல்ல அதைப் பயன்படுத்த முடியவில்லை. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் போனது. இஸ்ரோ செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பெருமையாக இருப்பது இதுதான்.

ஆனால் நான்கு விடைகளில் ஒன்று நேரம் என்பதாலேயே காலம் ஒரு பரிமாணம் என்று சொல்லிவிட முடியாது. அது வெறும் கணக்கு வசதியாகக்கூட இருக்கலாம். காலமும் இடமும் எவ்வளவு ஆழமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டுவது கடிகாரங்களின் ஓட்டம்தான். மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ வினாடி (ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வேகமாக ஓடுகிறது. மணிக்குச் சுமார் 14,000 கி.மீ. வேகத்தில் பறப்பதால் 7 மைக்ரோ வினாடி பின்தங்குகிறது. கழித்தால் 38 மைக்ரோ வினாடி மிச்சம். அதற்குள் ஒளி 11 கி.மீ.க்கு மேல் போய்விடும். 1977-இல் என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை அனுப்பியபோது, இந்த மிச்சத்தைச் சரிக்கட்டும் திருத்தம் தேவையா என்று பார்ப்பதற்காகவே முதல் 20 நாள் அதைப் போடாமல் ஓடவிட்டார்கள். ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொன்ன அளவுக்கே கடிகாரம் முந்தி ஓடியது.

இந்த வித்தியாசத்தைக் கும்பகோணம் பக்கத்துத் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் இருக்கும் சூரியக் கடிகாரம் காட்டும் வித்தியாசத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கைபேசி மணியோடு அது ஒத்துப்போகாது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. கும்பகோணம் அதற்கு மேற்கே மூன்று பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், நமக்கு உச்சி வெயில் சராசரியாக 12 மணி 12 நிமிடத்துக்குத்தான். மாதத்துக்கு மாதம் அதுவும் மாறும். ஆனால் இது மனிதர் வசதிக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த 38 மைக்ரோ வினாடி யாரும் வைத்துக்கொண்டதல்ல. அங்கே காலமே வேறு வேகத்தில் ஓடுகிறது.

அப்படியானால் காலம் ஒரு பரிமாணமா? அளவைக்காரனாக எனக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு கல்லுக்கு இடையே கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்று எழுதுகிறோம். கருவியின் திசையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் இரண்டு எண்ணும் மாறிவிடும். ஆனால் இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வரும் தூரம் மாறாது. தனித்தனியாக மாறுகிறவை, சேர்த்தால் மாறாத ஒன்றைத் தருமானால், அவை ஒரே பொருளின் பரிமாணங்கள்.

1808-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவைக்காரர் தஞ்சைக்கு வந்தபோது இந்தத் தூரம் மட்டும் போதுமானதாக இருந்தது. சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் 1802-இல் தொடங்கிய முக்கோண அளவையோடு அவர் வந்தார். டெல்டாவில் மலை கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். கோயில் உயரங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. ஆறு வாரம் உட்கார்ந்து, நெளிந்துபோன கோண வட்டத்தைத் தட்டி நிமிர்த்தி, மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1908 செப்டம்பரில், ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி ஓர் உரை ஆற்றினார். ஐன்ஸ்டைனுக்குக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வேகமாகப் போகிறவருக்கும் நிற்பவருக்கும் தூரமும் வேறு, நேரமும் வேறு. ஆனால் நேர வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி வர்க்கமாக்கி, அதிலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைக்கும் எண் இருவருக்கும் ஒன்றே என்று காட்டினார். என் சோதனையில் காலம் தேறிவிடுகிறது. அது பரிமாணம்தான்.

ஆனால் கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி வந்திருப்பதைக் கவனியுங்கள். கிழக்கு நோக்கி நிற்பவர் வடக்கே திரும்பலாம், தெற்கே திரும்பலாம், வந்த வழியே மேற்கேயும் போகலாம். நேற்றை நோக்கி அப்படித் திரும்ப அந்தக் கழித்தல் குறி விடாது. "காலம் நான்காவது பரிமாணம், அதனால் காலத்தில் முன்னும் பின்னும் போகலாம்" என்று வரும் காணொளிகளைப் பிள்ளைகள் எனக்கு அனுப்புகிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அதிலிருந்து வராது என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். தனியார் அளவை செய்தால், வரைபடத்தில் அளந்த தேதியையும், எந்த டேட்டம், எந்த எபோக் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். டேட்டம் என்பது அந்த எண்களை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்பது. எபோக் என்பது அந்த எண்கள் எந்தக் காலத்துக்கு உரியவை என்பதைச் சொல்லும் குறிப்பு. அதை எழுதாத எண் பத்து ஆண்டில் அரை மீட்டர் பொய் சொல்லும். கொள்ளிடம் படுகையில் நிலம் உள்ளவர்களுக்கு நிலத்தட்டை விட ஆறுதான் பெரிய கவலை: ஒரு வெள்ளம் கரையைத் தின்றால் கல்லும் சேர்ந்து போகும். கடற்கரையிலும் அப்படித்தான், தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே கடல் கொண்டுவிட்டது. அங்கேயெல்லாம் தேதி போட்ட படம் இல்லாவிட்டால், முன்பு நிலம் எதுவரை இருந்தது என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

கைபேசி விஷயம் தனி. திறந்த வெளியிலேயே அது ஐந்து மீட்டர் வரை சாதாரணமாகத் தவறும். தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். தசம இலக்கம் ஆறு இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வயல் எங்கே இருக்கிறது என்று ஆளுக்கு வழி காட்ட அது போதும், வரப்பை முடிவு செய்யப் போதாது. எல்லைத் தகராறு வந்தால் முதலில் புலப்படத்தை (உங்கள் வயலின் கல்லும் அளவும் குறித்த அரசு வரைபடத்தை) எடுங்கள், கல்லுக்குக் கல் தூரத்தை அளந்து அதோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அரசு சர்வேயரிடம் அளவைக்கு மனு கொடுங்கள். அதுவரை கல்லைத் தொடாதீர்கள். அரசு நட்ட சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.