குளுகோஸ் பாட்டிலுக்கு முன்னால் ஒரு வார்த்தை

மேலூர்ப் பக்கத்திலிருந்து அவரைக் கூட்டி வந்தது அவருடைய மச்சான். ஆட்டோவிலிருந்து இறங்கி வரவேற்பு மேசைக்கு வர இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியை அவர் நடந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. காலை அகட்டி அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார். "தண்ணி போட்டிருக்காரா மேடம்?" என்று செக்யூரிட்டி என் காதோரம் கேட்டார்.

எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து அவருக்கு அது ஐந்தாவது வாரம். டிஸ்சார்ஜ் அன்று அரை மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டு அட்டவணை எழுதி வாங்கிப் போனவர். "என்னைத் தெரியுதாண்ணே?" என்றேன். "தெரியாம என்ன, ஒன்னாப்பு டீச்சர்ல" என்றார். கண் ஓர் இடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

பத்து நாளாக வாந்தி என்றார் மச்சான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தினமும் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். என்ன பாட்டில்? குளுகோஸ். ஆபரேஷன் செய்ததை அங்கே சொன்னீர்களா? மச்சான் தரையைப் பார்த்தார். "வயித்துப் புண்ணுன்னு சொன்னோம் மேடம். அந்த கிளினிக்குல எங்க ஊர்ப் புள்ளைகதான் வேலை பாக்குது. வயித்தை வெட்டி எடுத்தாச்சுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா நாளைக்கு ஒரு பேச்சாயிரும்."

நான் உணவியல் ஆலோசகர். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை. கத்தி வைத்த பிறகு வரும் சோறு, தண்ணீர், மாத்திரை, முடி, தோல், கண்ணீர் எல்லாம் மதுரையில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். பல வருஷமாகப் பார்த்ததில், ஆபரேஷனைவிட அதை ஒளித்து வைப்பதால் வரும் கேடுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. இங்கே சொல்லும் ஆட்களின் ஊர், வயது, வேலையை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வந்தது தயமின் குறைபாடு. பி1 வைட்டமின் என்றால் புரியும். உடம்பு இதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. புதிதாக ஆபரேஷன் ஆனவர் சாப்பிடுவதே கொஞ்சம், அதையும் வாந்தி எடுத்தால் இருப்பு காலி. குளுகோஸை எரித்துச் சக்தியாக்க மூளைக்கு இந்தத் தயமின் வேண்டும். இல்லாத நேரத்தில் நரம்பு வழியாகக் குளுகோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்த தயமினும் அதிலேயே தீர்ந்துபோகும். பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆளை அடையாளம் மாற்றிச் சொல்வார். வெர்னிக்கே என்கிறார்கள் டாக்டர்கள். விட்டால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகலாம்.

சர்ஜன் ஓடி வந்தார், தயமின் ஊசி நரம்பு வழியாகப் போனது. கண் துடிப்பு மறுநாளே குறைய ஆரம்பித்தது. நடை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை.

அந்த கிளினிக் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். வாந்தி, சோர்வு, வயிற்றுப் புண் என்று சொன்னால் நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். "எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணிருக்கு" என்ற ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தால் தயமினை முதலில் போட்டிருப்பார், அல்லது நேரே எங்களிடம் அனுப்பியிருப்பார். (சர்க்கரை அபாயமாக இறங்கிக் கிடக்கிறவருக்குக் குளுகோஸைத் தள்ளிப்போடவும் கூடாது. அப்போதும் தயமின் கூடவே போகவேண்டும்.) ஆபரேஷன் ஆனவருக்கு ஓரிரு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் பாட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு வந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு ரகசியம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். பெண் பார்க்கும் வயதில் மகன் இருப்பான். "சாப்பாட்டைக் குறைக்க முடியாம வயித்தை வெட்டிக்கிட்டவ" என்று மாமியார் வீட்டில் ஒரு சொல் விழும். ஆளோ ஆறு மாதத்தில் பாதியாக வற்றிப்போவார். அதற்கு ஊரே ஒரு காரணம் தேடும். சுகரா, டி.பி.யா, அந்த மாதிரி நோயா? சொல்லாமல் விட்டாலும் பேச்சு நிற்கவில்லையே என்று நான் கேட்டால் பதில் இருக்காது.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்பது பெரிய மர்மம் இல்லை. அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது எடுத்துவிட்ட அந்தப் பகுதியில்தான். பைபாஸ் முறையில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பை செய்து, சிறுகுடலின் முதல் பகுதியைச் சுற்றிப்போக வழி மாற்றுவார்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தச் சுற்றிப்போகும் பகுதியில். அதனால் சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. "எடைதான் குறைஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு மேடம்?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்.

முதல் மாதம் கஞ்சித் தண்ணியும் மோரும் பருப்புத் தண்ணியும் தான். பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, இரண்டு மாதம் வாக்கில் சாதாரணச் சாப்பாடு, சின்னக் கிண்ணத்தில். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போகவேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம். இட்லியை வைத்து அந்தக் கணக்கை முடிக்க முயன்றால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். ஆகவே முட்டை, மீன், கோழி, பனீர், நன்றாக வெந்த சுண்டல் முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். எலும்பு சூப் குடித்தால் தெம்பு வரும் என்று அப்பத்தாக்கள் அடித்துச் சொல்வார்கள். குடிக்கட்டும், ஆனால் அவர்கள் நினைக்கிற புரதம் அதில் இல்லை. புரோட்டாவைப் பற்றிக் கேட்காதீர்கள். மைதா பந்துபோல உருண்டு இரைப்பை வாசலில் அடைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி வந்தவர்களை எண்ணி மாளாது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். அதே சமயம் நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போயாகணும். எனவே நாள் முழுக்க மடக்கு மடக்காக. பாட்டிலும் கையுமாக அலைவதுதான் வாழ்க்கை.

இனிப்பு வேறு கதை. பைபாஸ் செய்துகொண்ட ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், நான்காவது மாதம், விளக்குத்தூண் பக்கம் நண்பர்களோடு நின்று ஒரு ஜிகர்தண்டா குடித்திருக்கிறார். பெரிய கிளாஸ், ஐஸ்கிரீம் மிதக்க, மூன்று நிமிஷத்தில். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடவென அடிக்க, சட்டை வேர்வையில் ஒட்ட, வயிற்றை முறுக்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று தூக்கிக்கொண்டு ஓடி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இதற்கு டம்பிங் என்று பெயர். சர்க்கரை இரைப்பையில் தங்காமல் சரசரவெனக் குடலுக்குள் இறங்க, அதை நீர்க்கச் செய்ய உடம்பு தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. இன்னொரு வகை தாமதமாக வரும்: இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென இறங்கும், கை நடுங்கும். அப்போது மிட்டாயை மட்டும் வாயில் போட்டு நிறுத்திக்கொண்டால் மறுபடியும் அதே சுற்று. அன்றைக்கும் நண்பர்களுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது மாதம் முடி கொட்டும். கொத்துக் கொத்தாக, சீப்பு நிறைய. இதை முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுத்திருப்பேன். ஆனாலும் தொண்ணூறாவது நாள் அழுதுகொண்டு போன் வரும். உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால் முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், கூண்டோடு உதிரும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் வருஷம் முடிவதற்குள் திரும்ப வளரும். ஓர் அம்மா கேள்விகளைச் சமாளிக்கப் பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லி மொட்டையே போட்டு வந்துவிட்டார். "சாமி பேரைச் சொல்லிட்டா மதினி வாயைத் தொறக்க மாட்டா" என்றார். அந்த யோசனைக்கு என்னிடம் மறுப்பே இல்லை.

தோல் அப்படித் திரும்பாது. வயிறு, மேல்கை, தொடையில் தொங்கும் தோல் உடற்பயிற்சியால் முழுதாக ஏறுவதில்லை. சித்திரை வெயிலில் அந்த மடிப்புகளுக்குள் வேர்வை தேங்கிப் படை வரும்; துடைத்து உலர வைத்துப் பருத்தித் துணி போடுவதுதான் முதல் வைத்தியம். தோலை எடுக்கும் ஆபரேஷனை எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒன்றரை வருஷம் வாக்கில் யோசிக்கலாம். ஒரு பெண் சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது: "முன்னாடி குண்டா இருக்கேன்னு சேலைக்குள்ள மறைச்சேன், இப்ப தொங்குதுன்னு மறைக்கிறேன் மேடம்." அவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். அதையும் வீட்டில் சொல்லாமல்தான் போனார்.

நான் உண்மையில் பயப்படுவது இரண்டாம் வருஷத்துக்கு மேல். எடை இறங்கி, போட்டோ எல்லாம் எடுத்து, செக்கப்புக்கு வருவதை நிறுத்தியிருப்பார்கள். சைவக் குடும்பத்துப் பெண் ஒருவர் மூன்று வருஷம் கழித்து வந்தார். வந்த காரணம் இதுதான்: மீனாட்சியம்மன் கோயிலில் உச்சி வெயிலில் ஆடி வீதியைச் சுற்றியிருக்கிறார். கூட வந்த மகள் கல் சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடியிருக்கிறாள். இவர் நிதானமாக நடந்திருக்கிறார். "அம்மன் புண்ணியம், எனக்குச் சுடவே இல்லைன்னு சொன்னேன்." அன்று இரவு பாதத்தில் கொப்புளம். பரிசோதித்தால் பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. அது இல்லாமல் நரம்பு கெட்டு, பாதத்தில் சூடே தெரியாமல் போயிருக்கிறது. பி12 உடம்பில் ஏறத் துணை செய்யும் ஒரு பொருள் இரைப்பையில் சுரக்க வேண்டும். அந்த இரைப்பையில் பெரும்பகுதி அவருக்கு இப்போது இல்லை. ஈரலில் இருக்கும் கையிருப்பு தீர வருஷக்கணக்கில் ஆகும் என்பதால் மாத்திரையை நிறுத்திய அன்று எதுவும் தெரியாது. ஊசி போட்டுக் கொஞ்சம் மீண்டது. கால் விரல்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் முன்பே கண்டிருக்கலாம். மாத்திரையில் ஒரு சின்ன விஷயம்: இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று. எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிலக்கு சீராகும், வருஷக்கணக்கில் தரிக்காத கரு சட்டென்று தரிக்கும். சந்தோஷம்தான், ஆனால் 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்கிறோம். பைபாஸ் ஆனவர்களுக்கு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் சுகர் பார்க்க குளுகோஸ் தண்ணி குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ்காரருக்கு அது ஜிகர்தண்டா கதையாகிவிடும். மகப்பேறு டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு விதமாகப் பார்ப்பார். சொன்னால்.

மெடிக்கலில் "மூட்டு வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை பைபாஸ் ஆனவர்களுக்கு ஒட்டுப் போட்ட இடத்தில் புண்ணாக்கும். பாரசிட்டமால் பரவாயில்லை. வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம் என்பதால் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதுவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளின் அளவு மாறும், பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தொடராதீர்கள். மது இப்போது சீக்கிரம் ஏறும், அதிகமாக ஏறும். சோற்றை விட்டவர் பாட்டிலைப் பிடித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் இப்போது ஒரு அட்டை கொடுக்கிறோம். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, வாந்தி என்றால் குளுகோஸுக்கு முன்னால் தயமின், எந்த வலி மாத்திரை கூடாது, எங்கள் நம்பர். தமிழிலும் ஆங்கிலத்திலும். உங்கள் டாக்டர் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சீட்டை போனில் படம் பிடித்து வையுங்கள். ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பேர், பக்கத்து டாக்டர், மாத்திரை வாங்கும் கடைக்காரர். இவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மேலூர்க்காரர் ஆறாவது மாதம் வந்தார். 34 கிலோ குறைந்திருந்தார். நடையில் லேசான அகட்டல் மிச்சம். அட்டையை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருப்பதாக மச்சான் சொன்னார். "அந்தப் பத்துப் பதினஞ்சு நாள் என்ன நடந்துச்சுன்னு இன்ன வரைக்கும் ஞாபகத்துக்கு வரல மேடம்" என்றார் அவர்.

"என்கிட்ட வாங்கிக் கட்டுன ஆஸ்பத்திரிக் காசும் அதுல சேத்தி மேடம்," என்றார் மச்சான். "அதுவும் மாப்ளைக்கு ஞாபகம் வரல."